சீட்டுக்கட்டு மெஷின் பார்த்தவர், ‘கேம் பாய்’ தந்தார்! யார் இந்த குன்பெய் யோகோய்? போன் இருக்கும்போது கேமுக்குத் தனி மெஷின் எதுக்கு?

கோவில்பட்டியில் இருந்து எட்டயபுரம் போற பஸ்ல ஏறி உட்காருங்க. சுமார் 15 கிலோமீட்டர் பயணம். ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு, நடுநடுவே தீப்பெட்டி ஆலைகள். உள்ளே பாதிப் பேர் தலைகுனிஞ்சு இருப்பாங்க. யாரும் தூங்கல, எல்லார் கையிலும் போன். ஒருத்தர் லூடோ உருட்டுறார், இன்னொருத்தர் மிட்டாய் அடுக்குறார், கடைசி சீட்டுப் பசங்க பிஜிஎம்ஐ-ல சுட்டுக்கிட்டு இருக்காங்க.

போன்லயே எல்லா கேமும் கிடைக்கும்போது, கேம் விளையாட மட்டும் தனியா ஒரு கையடக்க மெஷின் எதுக்கு? ஐபோன் வந்த காலத்தில் இருந்தே உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி இது. கையடக்க கேமிங் கன்சோல்களின் கதை முடிந்தது என்று பலமுறை எழுதிவிட்டார்கள். ஆனால், 2025 ஜூன் 5-ம் தேதி வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் 2, முதல் நான்கு நாட்களில் மட்டும் 35 லட்சத்துக்கு மேல் விற்றது.

எப்படி? இதற்கான பதிலைத் தேடினால், 1997-ல் ஒரு சாலை விபத்தில் இறந்துபோன ஜப்பானியர் ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கு. அவர் பெயர் குன்பெய் யோகோய். அவர் வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கிட்டா, போனா கன்சோலா என்ற சண்டையில் யார் எங்கே ஜெயிப்பாங்க என்பது ஓரளவு புரிஞ்சிடும்.

யார் இந்த குன்பெய் யோகோய்?

1941 செப்டம்பர் 10-ம் தேதி ஜப்பானின் பழைய தலைநகரமான கியோட்டோவில் பிறந்தவர் யோகோய். அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தார். பெரிய மின்னணு நிறுவனங்களில் வேலை அமையவில்லை. உள்ளூரிலேயே இருந்த ஒரு கம்பெனியில் 1965-ல் சேர்ந்தார். அந்தக் கம்பெனிதான் நின்டெண்டோ.

அப்போ நின்டெண்டோவுக்கும் வீடியோ கேமுக்கும் சம்பந்தமே கிடையாது. 1889-ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் தொழில், ‘ஹனாஃபுடா’ எனப்படும் பூப்படம் போட்ட ஜப்பானியச் சீட்டுக்கட்டு தயாரிப்பது. அந்தச் சீட்டுகளைத் தயாரிக்கும் மெஷின்களைப் பராமரிப்பதுதான் யோகோயின் வேலை.

நம்ம பக்கம் தீப்பெட்டி ஆலைகளில், மெஷின் நின்னா ஓடிப்போய்ப் பார்க்கிற எலக்ட்ரீசியன் ஒருத்தர் இருப்பார் இல்லையா? கிட்டத்தட்ட அந்த வேலைதான். மெஷின் ஒழுங்கா ஓடினா அவருக்குப் பெருசா வேலை இருக்காது. யோகோய்க்கும் அதே நிலைமை. நிறைய நேரம் மிச்சமிருந்தது.

முதலாளி கூப்பிட்டார்... திட்டு விழும்னு நினைச்சார்!

மிச்ச நேரத்தில் யோகோய் ஒரு பொம்மை செய்தார். குறுக்குக் குறுக்காகக் கட்டைகளைக் கோத்து, பிடியை அமுக்கினால் முன்னால் நீளும் கை. தூரத்தில் இருக்கும் பொருளை உட்கார்ந்த இடத்தில் இருந்தே பிடித்து இழுக்கலாம். சும்மா பொழுதுபோக்குக்குத்தான் செய்தார்.

ஒருநாள் ஆலையைச் சுற்றிப்பார்த்த நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. யோகோயைத் தன் அறைக்கு வரச் சொன்னார். வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழப்போகிறது என்று பயந்துகொண்டே போனார் யோகோய். ஆனால், அந்தப் பொம்மையைக் கம்பெனி தயாரிப்பாக மாற்றும்படி சொல்லி அனுப்பினார் யமாவுச்சி.

அந்த நேரத்தில் நின்டெண்டோ தடுமாறிக்கொண்டிருந்தது. சீட்டுக்கட்டு விற்பனை சரிய, டாக்சி, உடனடி அரிசி உணவு என்று எதை எதையோ முயன்று கை சுட்டிருந்தது. 1966-ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் யோகோயின் பொம்மை கடைக்கு வந்தது. 10 லட்சத்துக்கு மேல் விற்றது. மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

அடுத்து 1969-ல் ‘லவ் டெஸ்டர்’ வந்தது. ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு, ஆளுக்கொரு உலோக உருண்டையைப் பிடிக்க வேண்டும். உடம்பு வழியாக ஓடும் சின்ன மின்சாரத்தை அளந்து, காதல் எவ்வளவு என்று முள் காட்டும்! உள்ளே இருந்தது பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண மின்னோட்ட அளவுமானி மாதிரியான கருவிதான். அதை எதுக்குப் பயன்படுத்தினார் என்பதில்தான் விஷயமே இருந்தது.

‘காய்ந்த தொழில்நுட்பம்’... அப்படின்னா?

யோகோயின் வாழ்க்கை முழுக்க ஒரே ஒரு கொள்கைதான். அதைத் தமிழில் சொல்வதென்றால், ‘காய்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது’. கேட்க விநோதமா இருக்கும், விஷயம் ரொம்ப எளிமை.

புதுசா வந்த தொழில்நுட்பம் எப்பவும் விலை அதிகம். அடிக்கடி பழுதாகும். மின்சாரத்தைக் குடிக்கும். அதே தொழில்நுட்பம் பழசாகி, எல்லாரும் செய்யத் தெரிஞ்சுக்கிட்டா விலை இறங்கிடும். அதன் குறைகள் எல்லாம் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் அதை எடுத்து, யாரும் நினைக்காத வேறொரு வேலைக்குப் பயன்படுத்துங்கள். இதுதான் யோகோயின் வழி.

கரிசல் காட்டு மானாவாரி விவசாயம் மாதிரி வச்சுக்கலாம். ஆத்துப் பாசனம் வரும்னு காத்திருக்க முடியாது. கிடைச்ச மழையையும் மண்ணில் நிற்கிற ஈரத்தையும் வச்சு எது விளையுமோ அதை விதைக்கணும்.

ரயிலில் பார்த்த காட்சி

1970-களின் பிற்பகுதி. ஷின்கான்சென் அதிவேக ரயிலில் போய்க்கொண்டிருந்தார் யோகோய். பக்கத்தில் ஓர் அலுவலக ஊழியர். போரடித்துப்போய், கையில் இருந்த கால்குலேட்டரின் பட்டன்களைச் சும்மா தட்டி விளையாடிக்கொண்டிருந்தார். பெரியவங்களும் பயணத்தில் சத்தமில்லாமல் விளையாட ஒரு சின்னப் பொருள் இருந்தா எப்படி இருக்கும் என்று யோகோய்க்குத் தோன்றியது.

சில நாட்கள் கழித்து ஒரு தற்செயல். தலைவர் யமாவுச்சியின் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. யோகோய் காரை ஓட்ட வேண்டியதாயிற்று. போகிற வழியில் அந்த யோசனையைச் சொன்னார். யமாவுச்சி பெரிதாக எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால், அன்று அவர் போன கூட்டத்தில் ஷார்ப் நிறுவனத்தின் தலைவரும் இருந்தார். கொஞ்ச நாளில் ஷார்ப் அதிகாரிகள் நின்டெண்டோ வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

ஷார்ப் ஏன் வரணும்? அப்போது ஷார்ப்பும் கேசியோவும் கால்குலேட்டர் சந்தையில் கடுமையாக மோதிக்கொண்டிருந்தன. அந்தப் போட்டியில் எல்சிடி திரையின் விலை தரைமட்டத்துக்கு வந்திருந்தது. அந்தத் திரையையும் சிப்பையும் வேறு எதற்காவது விற்க முடியுமா என்று ஷார்ப் பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது, எல்சிடி ‘காய்ந்து’ போயிருந்தது. யோகோய்க்கு வேண்டியதும் அதுதான்!

1980 ஏப்ரலில் ‘கேம் அண்ட் வாட்ச்’ பிறந்தது. சட்டைப்பையில் வைக்கும் அளவு, பட்டன் பேட்டரி, ஒரு மெஷினுக்கு ஒரே விளையாட்டு, கூடவே கடிகாரம். இந்த வரிசையில் வந்த மெஷின்கள் உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றன.

உங்க கட்டைவிரலுக்குப் பாதை போட்டவர்

1981-ல் ஆர்கேட் கடைகளில் ‘டாங்கி காங்’ கேம் பெரிய ஹிட். அதை உருவாக்கிய இளம் வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் யோகோய். பின்னாளில் மரியோ என்று உலகம் அறிந்த பாத்திரம் அறிமுகமான கேம் அது.

அதைக் கையடக்க மெஷினுக்குக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல். கடையில் இருக்கும் பெரிய மெஷினில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் பிடித்து ஆட்டலாம். சட்டைப்பையில் வைக்கிற மெஷினில் அது முடியாது. யோகோய் தந்த தீர்வு, பிளஸ் குறி வடிவத்தில் ஒரே ஒரு பட்டன். கட்டைவிரலை எடுக்காமலே மேலே, கீழே, இடது, வலது என நகர்த்தலாம். திரையில் இருந்து கண்ணை எடுத்துப் பட்டனைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

1982-ல் வந்த ‘டாங்கி காங்’ கேம் அண்ட் வாட்ச்சில் இது முதலில் இடம்பெற்றது. இடது கட்டைவிரல் நகர்த்த, வலது கட்டைவிரல் செயல்பட என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டே நின்டெண்டோவின் வீட்டு கன்சோலான ஃபேமிகாமுக்கும் அது போனது. அதற்குப் பிறகு உலகில் வந்த பெரும்பாலான கேம் கன்ட்ரோலர்களில் அந்தப் பிளஸ் பட்டனோ அதன் உறவுக்காரப் பட்டனோ இருக்கிறது.

கேம் பாய்: மங்கலான திரை, அசுர வெற்றி

1989 ஏப்ரல் 21. ஜப்பானில் ‘கேம் பாய்’ வெளியானது. யோகோயின் குழுவில் இருந்த சடோரு ஒகாடாவுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. கேம் அண்ட் வாட்ச் போல எளிய பொம்மையாக நிறுத்திவிடாமல், கேட்ரிட்ஜ் மாற்றி விதவிதமான கேம் விளையாடும் முழுமையான மெஷினாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்.

மெஷினைப் பார்த்தால் அப்படி ஒன்றும் அசத்தலாக இருக்காது. 2.6 அங்குலத் திரை. கலர் இல்லை. பாசிப் பச்சையில் நாலு சாயல், அவ்ளோதான். பின்னால் விளக்குகூடக் கிடையாது, வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்கணும். உள்ளே 8-பிட் பிராசசர். அப்போதே பழசு.

போட்டிக்கு வந்தவர்கள் சும்மா வரவில்லை. அதே 1989-ல் அட்டாரியின் ‘லின்க்ஸ்’, 1990-ல் சேகாவின் ‘கேம் கியர்’. இரண்டுமே கலர் திரை, பின்விளக்கு, பக்காவான படங்கள். காகிதத்தில் பார்த்தால் கேம் பாய் தோற்றிருக்கணும்.

ஆனா ஒரு கணக்கு இருக்கு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அந்த ஏஏ பேட்டரி. கேம் கியருக்கு 6 வேணும், 3 முதல் 5 மணி நேரத்தில் தீர்ந்துடும். லின்க்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். கேம் பாய்க்கு 4 போதும், சுமார் 15 மணி நேரம் ஓடும். சின்னப் பசங்க கையில் பேட்டரி வாங்கக் காசு எவ்வளவு இருக்கும்? யோகோய் அங்கிருந்து யோசித்தார்.

விலையும் குறைவு. அமெரிக்காவில் 90 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக விற்றது. கீழே போட்டாலும் உடையாது. வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிப்போன ஒரு கேம் பாய், அதற்குப் பிறகும் இயங்கியது. நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் அது காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது.

பிறகு வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து, இந்த வரிசை 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றது. கேம் கியர் ஒரு கோடியைத் தாண்டவே சிரமப்பட்டது.

நம்ம ஊருக்கு வந்த ‘பிரிக் கேம்’

கேம் பாயின் வெற்றியில் ஒரு ரஷ்யருக்கும் பங்கு உண்டு. 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ கேம், அமெரிக்காவில் கேம் பாயோடு சேர்த்தே தரப்பட்டது. மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்குகிற விளையாட்டு. குழந்தைகளும் ஆடினாங்க, வேலைக்குப் போறவங்களும் ஆடினாங்க.

ஒரிஜினல் கேம் பாய் நம்ம ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை. ஆனா அதன் தூரத்து உறவு ஒன்று வந்தது. ஞாபகம் இருக்கா? 90-களில் திருவிழாக் கடைகளில், ஃபேன்சி ஸ்டோர்களில் தொங்கிய ‘பிரிக் கேம்’. சீனாவில் தயாரான பிளாஸ்டிக் மெஷின். அட்டையில் ‘9999 கேம்’ என்று போட்டிருக்கும், உள்ளே உருப்படியா நாலைந்துதான் இருக்கும்! கால்குலேட்டர் மாதிரியான கறுப்புக் கட்டைத் திரை, இடது பக்கம் நகர்த்த பட்டன், வலது பக்கம் சுழற்ற ஒரு பெரிய பட்டன்.

கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாக் கடையிலோ, எட்டயபுரம் கடைத்தெருவிலோ அதை வாங்கி ஆடியவர்களுக்கு யோகோய் என்ற பெயர் தெரிந்திருக்காது. ஆனால், மலிவான எல்சிடி, சாதாரண பேட்டரி, கட்டைவிரல் பட்டன் என்ற சேர்க்கை அவர் போட்ட பாதையில் வந்ததுதான். கரண்ட் போனாலும் ஜன்னல் வெளிச்சத்தில் ஆட முடிந்ததே, அதுதான் அதன் பலம்.

சறுக்கிய இடம்: விர்ச்சுவல் பாய்

எல்லாமே வெற்றிக் கதை இல்லை. 1995 ஜூலை 21-ல் யோகோயின் ‘விர்ச்சுவல் பாய்’ வெளியானது. கண்ணாடிக்குள் கண்ணைப் புதைத்துப் பார்த்தால் படம் முப்பரிமாணத்தில் தெரியும். இன்றைய விஆர் கண்ணாடிகளுக்கு ஒருவகையில் முன்னோடி.

ஆனால் மேசைமேல் ஸ்டாண்டில் வைத்துக் குனிந்துதான் பார்க்க முடியும். கையடக்கமும் இல்லை, டிவியில் ஆடும் கேமும் இல்லை. சிவப்பு எல்இடி மட்டுமே மலிவாகக் கிடைத்ததால் படம் முழுக்கச் சிவப்பும் கறுப்பும். தலை வலிக்கிறது, கண் உறுத்துகிறது என்று புகார்கள். ஒரு வருடத்துக்குள் தயாரிப்பு நின்றது. விற்றது சுமார் 7.7 லட்சம் மட்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. மலிவான பாகங்களைப் பயன்படுத்தும் அதே கொள்கையைத்தான் இதிலும் பின்பற்றினார். ஆனால் யாருக்கு, எங்கே வைத்து ஆட என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ரயில் பயணியைப் பார்த்துப் பிறந்தது கேம் அண்ட் வாட்ச். விர்ச்சுவல் பாய்க்கு அப்படி ஒரு ரயில் பயணி இல்லை.

30 ஆண்டுகளுக்குப் பிறகு வெளியேறினார்

1996-ல் இன்னும் மெலிதான ‘கேம் பாய் பாக்கெட்’ மெஷினை முடித்துக் கொடுத்துவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் நின்டெண்டோவில் இருந்து விலகினார் யோகோய். விர்ச்சுவல் பாய் தோல்வியால் வெளியேற்றப்பட்டார் என்று பேச்சு அடிபட்டது. அவர் அதை மறுத்தார். சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்பது தன் நீண்டநாள் எண்ணம் என்பதே அவர் தந்த விளக்கம்.

கியோட்டோவிலேயே ‘கோட்டோ’ என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் நிறுவனத்துக்காக ‘ஒண்டர்ஸ்வான்’ என்ற புதிய கையடக்க மெஷினில் வேலை செய்தார். தானே வளர்த்த கேம் பாய்க்கு தானே போட்டி!

அதை அவர் பார்க்கவில்லை. 1997 அக்டோபர் 4-ம் தேதி, இஷிகாவா மாகாணத்தில் நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் விபத்தில் சிக்கியது. சேதத்தைப் பார்க்க இறங்கியபோது, பின்னால் வந்த இன்னொரு கார் மோதியது. 56 வயதில் இறந்துபோனார்.

ஒண்டர்ஸ்வான் 1999 மார்ச்சில் வந்தது. ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் 30 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. சாகும்வரை அவர் மாறவே இல்லை! அதில் வெளியான ஒரு புதிர் விளையாட்டுக்கு அவர் நினைவாக ‘குன்பே’ என்று பெயர் வைத்தார்கள். 2003-ல் கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருது விழாவில் அவருக்கு மறைவுக்குப் பிந்தைய வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கப்பட்டது.

அவர் இல்லாத களத்தில் போன் நுழைந்தது

யோகோய் இறந்த அதே 1997-ன் இறுதியில்தான் நோக்கியா 6110 போன் வந்தது. அதில் ‘ஸ்னேக்’ கேம். நம்ம ஊர்ல பின்னாடி வந்த 1100 மாடல் போன்ல எத்தனை பேர் அந்தப் பாம்பை வளர்த்திருப்போம்! கறுப்பு வெள்ளைத் திரை, நாள் கணக்கில் நிற்கும் சார்ஜ், மலிவு விலை. யோகோய் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

2003-ல் நோக்கியா ‘என்-கேஜ்’ என்று போனையும் கேம் மெஷினையும் ஒன்றாக்கிப் பார்த்தது. பேச வேண்டுமென்றால் போனைப் பக்கவாட்டில் திருப்பிக் காதில் வைக்கணும். கேம் மாற்ற வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்றணும். எடுபடவில்லை.

உண்மையான அடி 2007-ல் ஐபோன், 2008-ல் ஆப் ஸ்டோர், 2010-ல் ஐபேட் என வரிசையாக விழுந்தது. கேம் ஒரு டாலருக்கோ, இலவசமாகவோ கிடைத்தது. விளைவு என்ன? நின்டெண்டோ டிஎஸ் 15 கோடிக்கு மேல் விற்றிருந்தது. 2011-ல் வந்த அதன் வாரிசு 3டிஎஸ், அதில் பாதி அளவுக்கு, சுமார் 7.6 கோடியோடு நின்றது. அதுவும் வெளியான ஆறே மாதத்துக்குள் ஜப்பானில் விலையை 25,000 யென்னில் இருந்து 15,000 யென்னாகக் குறைத்த பிறகு! சோனியின் பிஎஸ் விட்டா நல்ல மெஷின் என்று பெயர் வாங்கியும் 2019-ல் தயாரிப்பு நின்றது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் சோனி வாரிசு எதையும் கொண்டுவரவில்லை.

ஸ்விட்ச்: பழைய பாடம் திரும்பியது

2017 மார்ச் 3-ல் நின்டெண்டோ ‘ஸ்விட்ச்’ வந்தது. கையில் வைத்தும் ஆடலாம், வீட்டில் டிவியில் மாட்டியும் ஆடலாம். உள்ளே இருந்த என்விடியா டெக்ரா எக்ஸ்1 சிப், 2015-லேயே அறிமுகமானது. வெளியான நாளிலேயே அது புதுசு இல்லை. ஆனாலும் 15 கோடிக்கு மேல் விற்றது. பழைய சிப், புதிய பயன்பாடு. யோகோயின் பாடம் அப்படியே.

இதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். 2022-ல் வால்வ் நிறுவனத்தின் ‘ஸ்டீம் டெக்’, கம்ப்யூட்டர் கேம்களைக் கைக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு பேனிக் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம், கறுப்பு வெள்ளைத் திரையும் பக்கவாட்டில் சுற்றும் கைப்பிடியும் கொண்ட ‘பிளேடேட்’ என்ற குட்டி மெஷினை வெளியிட்டது. பழைய கேம்களை ஓட்டும் மலிவான சீன ரெட்ரோ மெஷின்களும் ஆன்லைன் கடைகளில் கிடைக்கின்றன.

அப்போ போனுக்கும் கன்சோலுக்கும் என்னதான் வித்தியாசம்?

முதலில் பட்டன். போன் திரை வெறும் கண்ணாடி. விரல் எங்கே இருக்கிறது என்று தொடுவதில் தெரியாது. விரலே படத்தில் ஒரு பகுதியை மறைக்கும். கன்சோலில் கண் திரையில், விரல் பட்டனில்.

இரண்டாவது கவனச் சிதறல். போனில் ஆடும்போது கால் வரும், மெசேஜ் வரும், சார்ஜ் தீர்ந்தா வீட்டுக்குப் பேசவும் முடியாது, யுபிஐ-ல பணம் கட்டவும் முடியாது. தனி மெஷின்ல இந்தப் பிரச்னை இல்லை.

மூன்றாவது, பலரும் யோசிக்காதது, பணம். கன்சோலில் பெரும்பாலும் ஒருமுறை காசு கொடுத்து வாங்குவோம். போன் கேம் இலவசமாகத் தொடங்கும். பிறகு விளம்பரம், கூடுதல் உயிர், புதுத் துப்பாக்கி, புதுச் சட்டை என்று சிறுகச் சிறுக எடுக்கும். காசு வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களால் குடும்பங்கள் நொடிந்த செய்திகளை நாம் பார்த்திருக்கிறோம். தமிழக அரசு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. பிரிக் கேமில் நாம் இழந்ததெல்லாம் இரண்டு பேட்டரிதான்.

இன்னொன்று, போன் கேம் நம்ம கையில் இல்லை. 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டபோது, இங்குள்ளவர்களால் அதைத் தொடர்ந்து ஆட முடியாமல் போனது. 1989-ல் வாங்கிய டெட்ரிஸ் கேட்ரிட்ஜை இன்றைக்குப் பழைய கேம் பாயில் செருகினாலும் ஓடும்.

மறுபக்கமும் உண்மை

அதுக்காக எல்லாரும் போய்க் கன்சோல் வாங்குங்கன்னு சொல்ல வரல. விலை அப்படி! ஸ்விட்ச் 2 அமெரிக்காவில் 450 டாலருக்கு அறிமுகமானது. அதற்கான புதிய மரியோ கார்ட் கேம் மட்டும் தனியாக 80 டாலர். 1989-ன் கேம் பாய் விலையைப் பணவீக்கத்தோடு சேர்த்துக் கணக்கிட்டாலும் இன்றைக்கு 250 டாலரைத் தாண்டாது.

பேட்டரியும் பின்னோக்கிப் போயிருக்கு. ஸ்விட்ச் 2 ஒரு சார்ஜில் 2 முதல் 6.5 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நின்டெண்டோ. ஸ்டீம் டெக்கும் கனமான கேம் ஓடினால் 2 மணி நேரத்தில் படுத்துடும். 90-களில் கேம் கியர் செய்த அதே தவறை நோக்கி இந்தத் துறை நகர்கிறதா என்ற கேள்வி நியாயமானது.

நம்ம பக்கம் நிலவரம் இன்னும் தெளிவு. முதல் ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக வெளியாகவே இல்லை, இறக்குமதியாக வந்ததுதான். 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை இறங்கிய பிறகு, போன்தான் இங்கே டிவி, போன்தான் பேங்க், போன்தான் கேம் மெஷின். பத்தாயிரம் ரூபாய் போன் வீட்டுக்கே பயன்படும். அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து கேமுக்கு மட்டும் ஒரு பொருள் வாங்குவது இங்கே ரொம்பப் பேருக்குக் கட்டுப்படியாகாது.

எதிர்காலம் என்ன?

இதைப் புரிந்துகொள்ள ஜப்பான் வரை போக வேண்டாம், தீப்பெட்டியைப் பார்த்தால் போதும். லைட்டர் வந்ததும் தீப்பெட்டி செத்துடும்னு சொன்னாங்க. கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை வட்டாரத்தில் அந்தப் பயம் இன்னும் இருக்கு. தொழில் அடி வாங்கியது, தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள், 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட வேண்டியிருந்தது. ஆனாலும் 2 ரூபாய்க்கு எல்லாக் கடையிலும் கிடைக்கும் பொருளாக இன்னமும் நிற்கிறது தீப்பெட்டி. அதன் பலம் விலையும் எளிமையும்தான். லைட்டரைவிடப் பளபளப்பாக மாற முயன்றால் அதற்கு வேலை இல்லை.

கையடக்க கன்சோலுக்கும் இதே விதிதான். திரை, வேகம், கேமரா என்று போனோடு மோதினால் தோற்கும். போனை வருஷா வருஷம் கோடிக்கணக்கில் தயாரிக்கிறார்கள், அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. போனால் தர முடியாத பட்டன், தொந்தரவில்லாத நேரம், ஒருமுறை விலை, பல மணி நேர பேட்டரி ஆகியவற்றைத் தந்தால் பிழைக்கும். அது 15 கோடி விற்கும் மெஷினாகவும் இருக்கலாம், சில ஆயிரம் பேர் வாங்கும் குட்டி மெஷினாகவும் இருக்கலாம்.

பிள்ளைக்கு போன் கொடுக்கலாமா, தனி கேம் மெஷின் வாங்கலாமா என்று யோசிக்கிற பெற்றோருக்கும் யோகோயின் பாடம் உதவும். பெட்டிமேல் போட்டிருக்கும் சிப் வேகத்தை அப்புறம் பார்க்கலாம். எங்கே வச்சு ஆடப் போறான், எவ்வளவு நேரம் ஓடும், வாங்கின பிறகும் காசு கேட்குமா என்ற மூன்றையும் முதலில் கேளுங்க.

அடுத்த முறை எட்டயபுரம் பஸ்ல யாராவது பிஜிஎம்ஐ ஆடினா, அவங்க கையைக் கவனிங்க. இடது கட்டைவிரல் ஆளை நகர்த்தும், வலது கட்டைவிரல் சுடும். அந்தக் கண்ணாடிக்குக் கீழே பட்டன் எதுவும் கிடையாது. ஆனாலும் விரல்கள் போய் நிற்கிற இடம், 1982-ல் ஒரு சீட்டுக்கட்டுக் கம்பெனியின் முன்னாள் மெஷின் பராமரிப்பாளர் குறித்து வைத்த இடம்தான்.